வராதவர்களின் பக்கம்

உபதேசியார் ஒரு சபைக்கு மாற்றலாகிப் போனால் முதல் நாளே மூன்று பொருள்கள் கைக்கு வரும்: கோவில் சாவி, காணிக்கைக் கணக்குப் புத்தகம், குடும்ப ரெஜிஸ்டர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்களுக்கு ஆலயமும் கோவில்தான். கோவில்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லாத சின்னச் சபை என்றால், மணி அடிப்பது, பெருக்குவது, ஜமுக்காளம் விரிப்பது எல்லாம் சாவியோடு சேர்ந்து நம் தலையில் வந்துவிடும். கணக்குப் புத்தகத்தை மாதாமாதம் சேகரத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குடும்ப ரெஜிஸ்டரை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களில் இந்த வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் பிழைப்பு முழுக்க அந்தக் கேட்பாரற்ற புத்தகத்தில்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த உத்தியோகத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சில சேர்ந்தால் ஒரு சேகரம். சேகரத்துக்கு ஒரு குருவானவர், ஊர்ப்பேச்சில் ஐயர். நற்கருணை கொடுக்கவும் கல்யாணம் நடத்தவும் அவருக்குத்தான் அதிகாரம். ஒவ்வொரு ஊருக்கும் முறைவைத்துத்தான் அவரால் வரமுடியும். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், பிரசங்கம் பண்ணுவதும், நடுச்சாமத்தில் ஒரு மூச்சு நின்றால் முதல் ஆளாகப் போய் நிற்பதும் உபதேசியார். ஐயர்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். அவர்களுக்கு வரவேற்பு, மாலை, வழியனுப்பு விழா எல்லாம் உண்டு. உபதேசியார் டெம்போவில் கட்டிலையும் கோழிக்கூட்டையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஆனாலும் இது பழைய உத்தியோகம். 1799-இல், கிறிஸ்தவர்களானதற்காக விரட்டப்பட்டவர்களுக்கென்று நிலம் வாங்கி முதலூர் என்ற ஊரை உண்டாக்கியவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார்தான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ் ஐயர் ஊருக்கு ஊர் உபதேசியார்களை வைத்தார். பிறகு 1830-இல் தர்ம சங்கம் ஏற்படுத்தி, குடியிருக்க இடமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க வழிசெய்தார். அந்தக் கால உபதேசியார் பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார், ராத்திரி அதே கூரைக்குக் கீழே ஜெபம் நடத்துவார். பள்ளிக்கூடமும் கோவிலும் ஒரே ஓலைக் கொட்டகைதான். இந்த விஷயம் ஏன் எனக்கு முக்கியம் என்பது பின்னால் வரும்.

வருஷக் கடைசியில் சேகரத்துக்கு ஓர் அறிக்கை கொடுக்க வேண்டும். குடும்பங்கள் எத்தனை, ஆத்துமாக்கள் எத்தனை, நற்கருணை வாங்குவோர் எத்தனை, திடப்படுத்தல் பெற்றவர்கள் எத்தனை, காணிக்கை எவ்வளவு. போன வருஷத்தைவிட எண்ணிக்கை கூடியிருந்தால் சபை வளர்கிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கை நான் கேலி செய்யவில்லை, அதுவும் தேவைதான். ஆனால் எங்கள் ஊர்களின் நிலவரம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. பாதிப் பேருக்குச் சென்னையிலோ மும்பையிலோ திருப்பூரிலோ கடை. பேர் இங்கே, ஆள் அங்கே. ரெஜிஸ்டரில் பெரிய சபையாகத் தெரிவது ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து கிழவிகளும் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளுமாக இருக்கும். அதனால் என் நோட்டில் சேகரம் கேட்காத ஒரு பக்கத்தை நானே போட்டுக்கொண்டேன். அதில் வராதவர்களின் பெயர் இருக்கும்.

கிராமக் கோவிலில் அப்போது பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்காருவார்கள். எழுதிவைக்காவிட்டாலும் அவரவர் இடம் அவரவருக்குத்தான். வாசலை ஒட்டி இருமல்காரத் தாத்தா, தூணில் சாய்ந்தபடி முழங்கால்வலிப் பெரியம்மா, ஜன்னல் பக்கம் கைப்பிள்ளைக்காரிகள். முன்னால் நின்று பார்க்கிறவனுக்கு வந்த முகங்களைவிடக் காலியான இடங்கள்தான் முதலில் கண்ணில் படும். பாவ அறிக்கை முடிவதற்குள் பட்டியல் மனசில் தயாராகிவிடும். மறுநாள் சாயந்தரம் சைக்கிளை எடுக்க வேண்டியதுதான்.

வீடு சந்திப்பதற்கு ஒரு பதம் உண்டு. உலை கொதிக்கிற நேரத்தில் போகக்கூடாது. ஆம்பிளை குடித்துவிட்டு வரும் நேரத்தில் போகக்கூடாது. ஆனால் அந்த வீட்டில் பிரச்சினையே அதுதான் என்றால் அந்த நேரத்தில்தான் போக வேண்டும். போனதும் வேதப்புத்தகத்தை விரிக்கக்கூடாது. திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். கன்றுக்குட்டியை விசாரிக்கலாம், மகன் போன் பண்ணினானா என்று கேட்கலாம். “ஏன் கோவிலுக்கு வரலை?” என்று மட்டும் கேட்கக்கூடாது. கேட்டால், “மேலுக்குச் சுகமில்ல, ஐயா” என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நிஜக் காரணம் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

நிஜக் காரணங்கள் பெரும்பாலும் விசுவாசத்தைப் பற்றியவையாக இருக்காது. கட்டிக்கொண்டு வர நல்ல சேலை இருக்காது. வட்டிக்குக் கொடுத்தவர் அதே கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். வரப்புத் தகராறில் கொழுந்தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. எல்லாவற்றையும்விட அதிகமாக நான் கண்டது சங்கக் காணிக்கை பாக்கி. மாதச் சந்தாவை எங்கள் பக்கம் சங்கம் என்போம். ஒரு ஊரில் பாக்கிக்காரர் பெயர்களை ஆராதனை முடிவில் உரக்க வாசிக்கிற வழக்கம் இருந்தது. கணவனை இழந்த ஓர் அக்கா அதனாலேயே மாதக்கணக்கில் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஐயா, சங்கம் பாக்கி இருந்தா கல்லறைத் தோட்டத்துல எடம் தருவாவளா?”

அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

பாக்கி வாசிப்பதை நிறுத்தச் சொல்லிக் கமிட்டியில் பேசினேன். “வாசிச்சாதான் குடுப்பான்” என்றார்கள். கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்து, வாசிக்க ஆரம்பித்த பிறகு பாக்கி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்று காட்டினேன். பெயர் வாசிக்கப்பட்டவன் வெட்கப்பட்டுக் கொடுக்கவில்லை; வெட்கப்பட்டு வராமல் போனான். மூத்த அண்ணாச்சி ஒருவர், “அப்ப சீட்டுல எழுதி வீட்டுக்கே குடுத்துருவோம்” என்று முடித்துவைத்தார். அதற்குப் பிறகு வசூல் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆட்கள் திரும்ப வந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

தனிச் சபைகளுக்குப் போய்விடுகிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தகரக் கூரை போட்ட ஜெப வீடு ஒன்று முளைத்தால் நம்மவர்கள் அதைக் கள்ளச்சபை என்று திட்டித்தீர்ப்பார்கள். உபதேசத்தில் எனக்கும் அவர்களோடு சண்டை உண்டு. ஆனால் திட்டினால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். தூணோரப் பெரியம்மா ஒருவர் அப்படிப் போய்விட்டார். போய் உட்கார்ந்து கன்றுக்குட்டியெல்லாம் விசாரித்து முடித்த பிறகு அவரே சொன்னார்: “அங்க எம் பேரச் சொல்லி ஜெபிக்காவ, ஐயா. இங்க பிஷப்பு பேரும் மந்திரி பேரும் சொல்லுதிய. எம் பேர என்னைக்குச் சொன்னிய?”

ஆராதனை முறையில் மன்றாட்டுக்கு இடம் இருக்கிறது. நோயாளிகளுக்காக, துயரப்படுகிறவர்களுக்காக என்று பொதுவாகச் சொல்லி நாம்தான் தாண்டிப் போகிறோம். அடுத்த ஞாயிறிலிருந்து தெருத்தெருவாகப் பெயர் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தோம். இந்த வாரம் கீழத்தெரு, அடுத்த வாரம் கிணற்றடித் தெரு. ஆராதனை பத்து நிமிஷம் நீண்டது, கடிகாரம் பார்க்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். மும்பையில் இருக்கிற பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துச் சொன்னோம். தாய்மார் அன்றைக்கே போன் போட்டு, “ஒம் பேரச் சொன்னாவ, மக்கா” என்று சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்தே பெயர்கள் வர ஆரம்பித்தன. பரீட்சை, ஆபரேஷன், கடை வாடகைத் தகராறு. பெரியம்மாவா? புதன்கிழமை அங்கே, ஞாயிற்றுக்கிழமை இங்கே என்று ஆக்கிக்கொண்டார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பனை ஊர்களில் இருந்தபோது வேறொரு பாடு. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ஆண்கள் விடிகாலையிலும் சாயந்தரமும் மரத்தில் இருப்பார்கள். குடும்பமே பனை விளைக்குள் விடிலி என்ற ஓலைக் குடிசை போட்டுக் குடிபோய்விடும். அவர்கள் இறக்கிய பதநீரைப் பெண்கள் உடனே காய்ச்சியாக வேண்டும். நேரம் போனால் கருப்பட்டி சரியாக வராது. ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனை என்பது அந்த மாதங்களில் கடிகாரம் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் நடக்கும் ஆராதனை. ஓய்வுநாளில் மரம் ஏறலாமா என்று மேடையிலிருந்து கேள்வி எழுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் பாளை சீவியதில்லை. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வறண்டுபோகும். “பாளைக்கு ஞாயித்துக்கெழம கெடையாது, ஐயா” என்று ஒருவர் சொன்னார், கோபமில்லாமல்தான். அதனால் பருவம் முடியும்வரை ஞாயிறு ராத்திரி விடிலிப் பக்கமே ஜெபம் வைத்தோம். அரிக்கேன் விளக்கு, மணல், காய்ச்சின பதநீரின் வாசம். எழுத்துத் தெரியாத பாட்டிகள் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளைச் சரணம் தவறாமல் பாடுவார்கள். 1864-இல் செத்துப்போனவரின் பாட்டு, புத்தகம் இல்லாமல் வாய்வழியாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் நடத்திய நல்ல ஆராதனைகள் அவைதான். பிரசங்கம் ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் போகாது, போனால் முன்னால் இருக்கிறவர் குறட்டை விடுவார். மறுநாள் மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர் அவர்.

கைப்பிடி அரிசி பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டுவைத்து மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவருவது. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தைப் போல வெள்ளைக்காரர் பணம் இல்லாமல் நம்மவர்களே நடத்திய வேலைகளுக்குப் பின்னால் இந்த மாதிரிச் சிறுகாசுதான் நின்றது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் முதல் செயலாளர். பிறகு 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். இதையெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்வேன். அவர்களுக்குச் சரித்திரம் பிடிக்கும், ஆனால் அரிசியைச் சேகரத்துக்கு அனுப்புவதில் பெரிய இஷ்டமில்லை. “பாதிய நம்ம ஊருக்கு வச்சுக்கிடலாமா?” என்று கேட்டார்கள். அந்தப் பாதி, படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீடுகளுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுப்பது பெண்களின் வேலை. யார் யாருக்குக் கொடுத்தோம் என்பதை எழுதிவைக்க வேண்டாம் என்றும் அவர்களே தீர்மானித்தார்கள். பக்கத்துத் தெருவில் அம்மன் கோவிலுக்கு வரி கொடுக்கிற ஒரு வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறது. எனக்கே தாமதமாகத்தான் தெரியும்.

பிள்ளைகளை நற்கருணைக்குத் தயாராக்குகிற திடப்படுத்தல் வகுப்புதான் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது. பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பிஷப் வருவார், வெள்ளைச் சட்டை, போட்டோ, பிரியாணி. அதோடு அவர்களில் பாதிப் பேர் கோவிலில் காணாமல் போவார்கள். ஒரு வருஷம் வேத வாசிப்புக்கு ஒரு பையனை எழுப்பினேன். நன்றாகப் படிக்கிறவன், இங்கிலீஷ் மீடியம். முதல் வசனத்திலேயே நின்றுவிட்டான். எழுத்துக் கூட்டிக்கூட வரவில்லை. பின்னால் அவன் அம்மா சொன்னார்: “அவனுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், ஐயா.” விசாரித்துப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஒப்பித்ததெல்லாம் காதால் கேட்டது.

ஆக, இரேனியஸ் காலத்து உபதேசியார் செய்த வேலை என் கையில் மறுபடியும் வந்து விழுந்தது. வெள்ளி, சனி சாயந்தரங்களில் கோவில் தாழ்வாரத்தில் தமிழ் வாசிப்பு. மாற்கு எழுதின சுவிசேஷத்தில் ஆரம்பித்தோம். அதுதான் நாலு சுவிசேஷத்திலும் சின்னது, சம்பவம் மேல் சம்பவமாக ஓடுவது. பழைய மொழிபெயர்ப்பின் நடை கஷ்டம்தான், ஆனால் பாட்டிமார் அதில்தான் ஜெபிக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால்தான் பாட்டியோடு பேச்சு ஒட்டும். கொஞ்சம் தேறியதும் ஒவ்வொரு பிள்ளையையும் கண் தெரியாத ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பினேன், வாரம் ஒரு சங்கீதம் வாசித்துக்காட்ட. பெரியவர்கள் தப்பைத் திருத்துவார்கள், மனப்பாடமாகத் தெரியுமே. வாசிக்கப் போன இடத்தில் மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்வது, ரேஷன் கடைக்குப் போய்வருவது, பேரனுக்கு வீடியோ கால் போட்டுக்கொடுப்பது என்று வேலை நீண்டது. நான் சொல்லிக்கொடுத்தது வாசிப்பு மட்டும். மற்றதெல்லாம் அவர்களாகச் செய்தது. இந்து வீட்டுப் பிள்ளைகள் சிலரையும் தாய்மார் அந்த வகுப்புக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தையே வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மாற்கு வேண்டுமென்று நானாகக் கேட்கவில்லை.

டயோசிசன் தேர்தலைப் பற்றிப் பேச எனக்கு ஆசையில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை வரும், அண்ணன் தம்பியை இரண்டு அணியாக்கிவிட்டுப் போகும். அந்த மாதங்களில் வீடு சந்திக்கப் போனால் எந்த அணிக்கு ஓட்டுக் கேட்க வந்திருக்கிறீர் என்றுதான் பார்ப்பார்கள். பேசாமல் கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டிக்கொண்டிருப்பேன். புதுக் கோவில் கட்டுகிற வெறியைப் பற்றியும் அதிகம் வேண்டாம். மெய்ஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி என்று எல்லோருக்கும் தெரியும். இடையன்குடிக் கோவிலைக் கட்டிமுடிக்கக் கால்டுவெல் ஐயருக்கு 1847-இலிருந்து 1880 வரை ஆயிற்று என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. பொறுமையாகக் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஒரே வருஷத்தில் முடிக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைப்பதற்கே அடுத்த பத்து வருஷப் பிரசங்கமெல்லாம் காணிக்கையைப் பற்றியதாகிவிடுகிறது.

அறுப்பின் பண்டிகை ஏலம் எனக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்வேன். ஒற்றை எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். வீம்புதான். ஆனால் ஏலம் எடுத்தவர் அந்தப் பழத்தையே திரும்பக் கோவிலுக்குக் கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு, சிரிப்பும் கூச்சலுமாக ஓடும்போது, வருஷம் முழுக்க முகம் கொடுக்காத இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். அதைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை போவேன்.

கடைசியாக இருந்த ஊரில் ஒரே தெருவுக்கு இரண்டு முனையிலும் இரண்டு கோவில். இரண்டும் ஒரே சேகரம், ஒரே ஜெபப்புத்தகம். நடுவில் இருப்பது சாதி. 1877 பஞ்சத்தை ஒட்டி ஞானஸ்நானம் எடுத்த குடும்பங்கள் கிழக்கு முனையில் இருந்தன. அவர்களுக்கென்று பின்னால் தனிக் கோவில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கும் நானே உபதேசியார். காலை ஏழு மணிக்குக் கிழக்கே, எட்டரைக்கு மேற்கே. ஒரே பிரசங்கத்தை இரண்டு தரம் சொல்லுவேன். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்கிற கலாத்தியர் நிருபத்தை எடுத்துப் பேசினால் இரண்டு இடத்திலும் தலையை ஆட்டுவார்கள்.

பிரசங்கத்தால் அந்தத் தெருவை ஒரு அடிகூடச் சுருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில்தான் ஒரு வழி கிடைத்தது. இரண்டு முனையிலும் தனித்தனியாக நடத்த ஆசிரியர்கள் போதவில்லை. காரணம் அவ்வளவுதான், அதை ஒரு புரட்சியாக நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்காது. பிள்ளைகள் நடுத்தெருப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒன்றாகக் கூடினார்கள், ஒன்றாக ஆக்‌ஷன் பாட்டுக் கற்றார்கள், கடைசி நாள் ஊர்வலம் இரண்டு கோவில் வாசலுக்கும் போனது. மேற்கே ஒரு வீட்டில் பிள்ளையை அனுப்பவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையே ஓடி வந்துவிட்டது.

அசனம்தான் கஷ்டமான கட்டம். பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரெல்லாம் சாப்பிடுகிற சோறு, வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாம் அதற்காக வருவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம், சாதி மதம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வோம். சாப்பிடுவதில் பார்ப்பதில்லை, உண்மைதான். சமைப்பதில் பார்ப்போம். முந்தின ராத்திரி காய் நறுக்க, தேங்காய் திருவ, அரிசி களைய யார் உட்காருவது என்பதில் எல்லாம் இருக்கிறது. வாலிபர்கள் வந்து, இந்தத் தடவை இரண்டு கோவில் வாலிபர் ஐக்கியமும் சேர்ந்து காய் நறுக்குவோம் என்றார்கள். விடுமுறைப் பள்ளியில் ஒன்றாகப் பாடினவர்கள் வளர்ந்திருந்தார்கள். கமிட்டி கூடியது, விடிய விடியப் பேசியது. ஒரு பெரியவர் எழுந்துபோய்விட்டார். நான் எதுவும் பேசவில்லை. அவர் வீட்டுக்கு மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். தண்ணீர் கொடுத்தார். அவர் மருமகள் உள்ளேயிருந்து, “மாமா, நம்ம பிள்ளையும்தான் காய் வெட்டப் போறான்” என்றாள்.

அந்த வருஷம் காய் ஒன்றாக நறுக்கினார்கள். சோறு ஒரே அடுப்பில் வெந்தது. குழம்புக்கு மட்டும் குட்டுவம் என்கிற பெரிய பாத்திரம் இரண்டு வைத்தார்கள், கூட்டம் அதிகம் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். நான் ஓய்வுபெற்று வரும்போது இரண்டு முனைக்கும் ஒரே ஞாயிறு பள்ளி நடந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் ஆராதனை இன்னும் ஏழு மணிக்குக் கிழக்கேயும் எட்டரைக்கு மேற்கேயும்தான்.